கோடை ஏரியைச் சுற்றினால் மட்டும் போதுமா?

2025 ஜனவரி 9, காலை (கேள்வி)

மார்ச்சில் மூன்று நாள் கோடைக்கானல் போகிறேன். ரோடு பைக்கை, அதாவது மெல்லிய டயர் ரேஸ் சைக்கிளை, காரில் ஏற்றிக்கொண்டு வருவதாகத் திட்டம். ஏரியைச் சுற்றி 5 கி.மீ. என்கிறார்கள். நாளுக்கு 60 கி.மீ. ஓட்ட ஆசை, அதாவது பன்னிரண்டு சுற்று. ஏரிக்கரை சமதளம், காட்சியும் நன்றாக இருக்கும், மலை ரோட்டில் பஸ்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். இதுவே போதும் என்று நினைக்கிறேன். கியர் முன்னால் 50/34 பல், பின்னால் 11-28 பல். கோடையில் ஓட்டிய அண்ணன்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 9, மதியம்

போதாது தம்பி. பன்னிரண்டு சுற்று சுற்றினால் நாலாவது சுற்றிலேயே சலித்துவிடும்.

ஏரி நட்சத்திர வடிவம். 1863இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச், ஓடைகளை மறித்துக் கரை கட்டி உண்டாக்கியது. ஓடை வந்த பள்ளம் ஒவ்வொன்றும் ஏரியின் ஒரு கையாக நீண்டுவிட்டது. ரோடு அந்தக் கைகளை ஒட்டியே வளைந்து வளைந்து போகும். வேகம் பிடித்தால் உடனே ஒரு வளைவு வந்து நிற்கும். அந்த வளைவில் குதிரை நிற்கும், சோளக்கதிர் வண்டி நிற்கும், நாலு பேர் உட்கார்ந்து மிதிக்கும் வாடகை சைக்கிளும் நிற்கும். காலை ஒன்பது மணிக்கு மேல் ரோடு பைக்குக்கு அங்கே வேலையே இல்லை.

ஏரியைத் தங்குமிடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுவதற்கு அங்கிருந்து கிளம்பும் ரோடுகள் இருக்கின்றன. நாளைக்கு விவரமாக எழுதுகிறேன்.

ஜனவரி 10

மூன்று நாளில் ஒரு நாளைக் கண்ணை மூடிக்கொண்டு மன்னவனூருக்குக் கொடுங்கள். ஏரியிலிருந்து மேற்கே போகும் ரோடு. பூம்பாறை ஏறத்தாழ 20 கி.மீ., மன்னவனூர் 35. போய்த் திரும்பினால் 70. நீங்கள் கேட்ட தூரம்தான்.

இந்த ரோட்டை நான் ஏழெட்டு முறை ஓட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் அடி வாங்கினேன், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏரி ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிளம்பியதும் அப்சர்வேட்டரி (சூரிய ஆய்வகம்) பக்கம் ஏற்றம். அந்த மேட்டைத் தாண்டியதும் ரோடு பூம்பாறையை நோக்கி இறங்க ஆரம்பிக்கும். இருபுறமும் மரம், சில்லென்ற காற்று, மிதிக்கவே வேண்டாம். ‘கோடையில் ஓட்டுவது இவ்வளவு சுகமா’ என்று தோன்றும். தோன்றட்டும், ஆனால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இறங்கும் ஒவ்வொரு மீட்டரையும் மதியத்துக்கு மேல், 50 கி.மீ. ஓட்டி முடித்த காலோடு திரும்ப ஏற வேண்டும். பூம்பாறைக்கும் அந்த மேட்டுக்கும் நடுவில் நானூறு மீட்டர் அளவுக்கு உயர வித்தியாசம் இருக்கிறது. சாதாரணமாக மலையில் ஏற்றம் முதலில் வரும், இறக்கம் பரிசாகக் கிடைக்கும். இந்த ரோடு அதைத் தலைகீழாக வைத்திருக்கிறது.

பூம்பாறைக்குச் சற்று முன்னால் ஒரு வளைவில் ஊர் முழுக்கத் தெரியும். படிப்படியாக வெட்டிய வயல், நடுவில் ஓட்டு வீடுகள், குழந்தை வேலப்பர் கோயில். படிகளில் பாதிக்கு மேல் பூண்டுதான். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு இந்த வயல்களிலும் சுற்று ஊர்களிலும் விளைவதுதான். ஈரக் காற்றில் அந்த வாசனை ரோட்டுக்கே வரும். அங்கே சைக்கிளைச் சாத்திவிட்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள். காரில் போகிறவர்கள் கண்ணாடி வழியாகப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்த வாசனையை அவர்களில் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பூம்பாறை தாண்டினால் மன்னவனூர் வரை ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். மன்னவனூரில் புல்மேடு, ஒரு சின்ன ஏரி, மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி நிலையம். அங்கே மேயும் செம்மறிகளைப் பார்த்தால் தமிழ்நாடு என்றே நம்ப முடியாது. அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். திரும்பும்போது பூம்பாறையில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், வயிறு நிறைந்த கையோடு அந்த ஏற்றத்தைத் தொட வேண்டியிருக்கும்.

ஜனவரி 10, இரவு

கியர் விஷயத்தை விட்டுவிட்டேன். உங்கள் கியரில் மிக லேசான 34-28இல் பெடல் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் இரண்டரை மீட்டர் நகரும். நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் மணிக்கு 9 கி.மீ. எட்டு சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்தைப் பிடிக்க, ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்றால், ஏறத்தாழ 180 வாட் வேண்டும். பத்து நிமிடம் முடியும். ஒரு மணி நேரம் எல்லோராலும் முடியாது. பின்னால் 32 பல் கேசட் (பல்சக்கர அடுக்கு) மாற்றினால் அதே அறுபது சுற்றுக்கு மணிக்கு 8 கி.மீ., வாட் 160க்குப் பக்கம். அந்த இருபது வாட்தான் மூன்றாம் நாளும் சைக்கிளைத் தொட வைக்கும். உங்கள் டீரெய்லர் (செயினைக் கியர் மாற்றும் கருவி) 32 பல்லை ஏற்குமா என்று கடையில் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

ஜனவரி 13

காரில் ஏற்றிக்கொண்டு வருவதாகச் சொன்னீர்கள். காருக்கு இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள், 2024 மே மாதத்திலிருந்து உயர்நீதிமன்ற உத்தரவுப்படி அது கட்டாயம். ஆனால் என் ஆசை வேறு. காரை நண்பரிடம் கொடுத்து மேலே அனுப்பிவிட்டு, நீங்கள் காட்ரோட்டில் இறங்கிக்கொள்ளுங்கள்.

வத்தலக்குண்டு தாண்டி காட்ரோடு பிரிவிலிருந்து கோடை வரை ஏறத்தாழ 45 கி.மீ., 1,800 மீட்டர் ஏற்றம். கணக்குப் போட்டால் சராசரி நாலு சதவீதம்தான். மாட்டு வண்டி, பின்னால் பஸ் எல்லாம் ஏற வேண்டும் என்று போட்ட ரோடு, செங்குத்தாக எங்கேயும் மிரட்டாது. அதன் கஷ்டம் நீளத்தில் இருக்கிறது. நாலு மணி நேரம் ஏறுவீர்கள், ஐந்தும் ஆகலாம், நடுவில் கால் ஆறுவதற்குச் சமதளமே கிடையாது.

விடிவதற்கு முன் கிளம்புங்கள். வெயில் ஏறுவதற்குள் டம்டம் பாறையைத் தாண்டிவிட வேண்டும். அங்கிருந்து எதிரே தலையாறு அருவி வெள்ளை நூல் மாதிரி தொங்கும், 297 மீட்டர். எலிவால் அருவி என்றும் சொல்வார்கள். கீழே மஞ்சளாறு அணை. அங்கே நிற்கும் குரங்குகளுக்குச் சைக்கிள்காரரின் முதுகுப் பாக்கெட்டில் வாழைப்பழம் இருக்கும் என்று நன்றாகத் தெரியும். என் கண் முன்னால் ஒன்று ஜிப்பைத் திறந்தே எடுத்தது.

பிறகு ஊத்து. அந்த இடத்தில்தான் காற்று மாறும். சட்டைக் கையில் உப்புப் பூத்திருக்கும்போது முதல் குளிர் வந்து தொடும். அடுத்து பெருமாள்மலை, பழனி ரோடு வந்து சேரும் இடம். டீ குடியுங்கள். அப்புறம் வெள்ளி அருவி. ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் அங்கே 55 மீட்டர் விழுகிறது. காட்ரோட்டிலிருந்து ஏறி வருகிறவர் ஏரியை முதலில் பார்ப்பது அங்கேதான், ஏரிக்கரையில் இல்லை. இன்னும் எட்டு கிலோமீட்டர் இருக்கிறது என்ற சலிப்பு அந்தச் சாரல் முகத்தில் பட்டதும் போய்விடும். எனக்கு ஒவ்வொரு முறையும் போயிருக்கிறது.

மேலே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 78 சதவீதம்தான். கடைசி பத்து கிலோமீட்டரில் மூச்சு முட்டினால் பயப்பட வேண்டாம், ஒரு கியர் குறைத்துக்கொள்ளுங்கள். டயர் விஷயத்திலும் இதே கணக்குதான். வெளிக்காற்று மெலிவதால் டயர் இறுகும், அதனால் கீழேயே நாலைந்து பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்த அளவு) குறைத்து அடித்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 14

டயர் பற்றி நேற்று எழுதிய கடைசி வரி தவறு. மதுரைக்காரர் ஒருவர் பொங்கல் அன்று உட்கார்ந்து கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறார். நான் வெளிக்காற்றை மட்டும் பார்த்தேன், குளிரை மறந்துவிட்டேன். கீழே 32 டிகிரியில் 80 பிஎஸ்ஐ அடித்தால், மேலே 17 டிகிரியில் குளிரால் நாலைந்து பிஎஸ்ஐ இறங்கும். வெளிக்காற்று மெலிவதால் மூன்று பிஎஸ்ஐ ஏறும். கூட்டிக் கழித்தால் ஒன்றிரண்டு குறைவாகவே நிற்கும். கீழே எவ்வளவு வழக்கமோ அவ்வளவே அடியுங்கள். அவருக்கு நன்றி, எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்து.

ஜனவரி 19

இறக்கத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். ஏறுவதில் மிஞ்சிப் போனால் களைப்புதான். நான் காயப்பட்டது இறங்கும்போது.

2019 பிப்ரவரி. அப்போது ரிம் பிரேக் சைக்கிள், பிரேக் கட்டை சக்கர விளிம்பையே அழுத்தும். கோடையிலிருந்து கீழே இறங்குகிறேன். முன்னால் ஒரு பஸ், முந்த இடமில்லை. பெருமாள்மலையிலிருந்து அதன் பின்னாலேயே இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்தபடி வந்தேன். ஊத்துக்குக் கீழே ஒரு வளைவில் பட்டாசு மாதிரி சத்தம். முன் டயர் சப்பை. வேகம் குறைவாக இருந்ததால் மண் ஓரமாகச் சாய்ந்தேன், முழங்கையில் மட்டும் சிராய்ப்பு. ரிம்மில் விரல் வைத்தேன், வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். பங்க்சர் இல்லை, சூட்டில் ட்யூப் வெடித்திருக்கிறது.

கோடையிலிருந்து காட்ரோடு வரை இறங்கும் 85 கிலோவிடம் இருக்கும் சக்தி நாலரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். வேகமாகப் போனால் பெரும்பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். மெதுவாக, பஸ் பின்னால், பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் அத்தனையும் அந்த மெல்லிய ரிம்முக்குப் போகும். அதனால் வளைவுக்கு முன் அழுத்திப் பிடியுங்கள், வளைவில் விடுங்கள். முன்னால் பஸ் இருந்தால் ஓரமாக நின்று அதைப் போக விடுங்கள். பத்து நிமிடம் நின்றால் ரிம்மும் ஆறும், கைவிரலும் ஆறும். டிஸ்க் பிரேக் என்றாலும் பிரேக் பேட் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னொன்று, மேலே கிளம்பும்போதே காற்றுத் தடுப்புச் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். குளிரில் விரல் மரத்துவிட்டால் பிரேக் இருந்தும் பயனில்லை.

பிப்ரவரி 2

பழனி நண்பர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். ‘எல்லோரும் காட்ரோட்டையே பாடுகிறீர்கள், எங்கள் ரோடு கண்ணில் படவில்லையா?’

நியாயமான கோபம். பழனி ரோட்டில் நான் ஒரே ஒரு முறைதான் ஓட்டியிருந்தேன், அதுவும் நவம்பரில். பாதி வழியில் மூடுபனி, மீதி வழி மழை. அந்த ஒரு நாளை வைத்து அந்த ரோட்டையே ஒதுக்கிவிட்டேன். போன வாரம் மறுபடியும் போனேன். பழனியிலிருந்து கோடை 64 கி.மீ. பின்னால் திரும்பிப் பார்த்தால் பழனி மலைக்கோயில் கையளவு சின்னதாகத் தெரியும். கொண்டை ஊசி வளைவுகள் அதிகம், ஆனால் வண்டி குறைவு. ஹாரன் சத்தமே இல்லாமல் கால் மணி நேரம் மிதித்தேன். காட்ரோட்டில் அது விடியற்காலையில்கூடக் கிடைக்காது. போக்குவரத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு இனி இதைத்தான் முதலில் சொல்வேன். டீக்கடைகள் தூரத்தூரமாகத்தான் வரும், இரண்டு பாட்டில் தண்ணீர் அவசியம்.

பேச்சு வந்ததால் மூன்றாவது ரோட்டையும் சொல்லிவிடுகிறேன். அய்யம்பாளையம், சித்தரேவு வழியாகத் தாண்டிக்குடி ஏறி, பண்ணைக்காடு போய், ஊத்தில் பெரிய ரோட்டைப் பிடிப்பது. ரோடு குறுகல், சில இடங்களில் ஏற்றம் காட்ரோட்டை விடக் கடுமை. இருபுறமும் காபி, அதற்கு நிழல் கொடுக்கும் மரங்களில் மிளகுக் கொடி. பண்ணைக்காட்டில் மலைவாழைப்பழம் வாங்குங்கள். சின்னது, தோல் கறுத்திருக்கும், கெட்டுப்போனது என்று நினைத்துவிடாதீர்கள். மிதிக்கும்போது சாப்பிட அதைவிட நல்லது எந்தப் பாக்கெட்டிலும் வரவில்லை.

பிப்ரவரி 16

அரை நாள்தான் இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டவருக்கு: அப்சர்வேட்டரி ஏற்றம். ஏரிக்கரையிலிருந்து நாலு கிலோமீட்டர் அளவுதான், 200 மீட்டருக்கு மேல் ஏறுவீர்கள். ஆய்வகம் 2,343 மீட்டரில் இருக்கிறது. 1899இல் தொடங்கியது, சென்னையில் இருந்த வேலையை இங்கே மாற்றினார்கள். சூரியப் புள்ளிகளின் ஓரத்தில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை 1909இல் ஜான் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தது இந்த மேட்டில்தான். அதே மேட்டுக்கு மூச்சிரைக்க ஏறி நிற்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கும்.

இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தால் தூண்பாறைச் சுற்று. பைன் காடு, குணா குகை, தூண்பாறை, கோல்ஃப் மைதானம் என்று வாடகைக் கார்க்காரர்கள் கூட்டிப்போகும் ‘பன்னிரண்டு மைல்’. அத்தனை கார்களும் அந்த ரோட்டில்தான் இருக்கும் என்பதால் காலை ஏழுக்குள் முடித்துவிடுங்கள். பேரிஜம் போகலாமா என்று இருவர் கேட்டார்கள். அது காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. சைக்கிளில் போகலாம் என்று எண்ணித் திட்டம் போடாதீர்கள்.

காட்டுமாடு ஊருக்குள்ளேயே வரும். அதிகாலையில் வளைவு திரும்பியதும் கறுப்பாக ஒன்று நின்றால், நில்லுங்கள். மணி அடிக்க வேண்டாம், பக்கமாக நுழைந்து போகவும் வேண்டாம். அது நகரும் வரை காத்திருங்கள். நான் ஒருமுறை இருபது நிமிடம் காத்திருந்தேன்.

மார்ச் 24

ஜனவரி 9ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஏரிச் சுற்றைப் பற்றி அப்படி எழுதியிருக்கக் கூடாது.

போன வாரம் அப்பாவைக் கோடைக்குக் கூட்டிப்போனேன். அவருக்கு 71 வயது. நாற்பது வருடம் மில்லுக்குச் சைக்கிளில் போனவர், மூட்டு வலியால் பத்து வருடமாகச் சைக்கிளையே தொடவில்லை. காலை ஆறு மணி, ஏரி மேல் பனி படுத்திருந்தது. என் சைக்கிளை அறையில் விட்டுவிட்டு ஏரிக்கரையில் இரண்டு வாடகை சைக்கிள் எடுத்தோம். முதலில் கொடுத்ததில் பின் பிரேக் பிடிக்கவே இல்லை, மாற்றித்தரச் சொன்னேன். வாடகைக்கு எடுப்பவர்கள் காசு கொடுக்கும் முன் இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள்.

ஏறி உட்கார்ந்ததும் அப்பா வலப்பக்கம் திரும்பினார். ‘ஏரி இடக்கைப் பக்கம் இருக்கட்டும்ப்பா. அப்போதான் நாம் தண்ணி ஓரமா போகலாம், கிளைச் சாலையிலிருந்து வர்ற வண்டி நம்ம மேல திரும்பாது’ என்றேன். அவர் கேட்கவில்லை. ‘தண்ணியை யாராவது இடமா சுத்துவாங்களா? வலம்தான்’ என்று கிளம்பிவிட்டார். பின்னாலேயே போனேன்.

எந்த வளைவுகளைக் குறை சொன்னேனோ அவைதான் அவருக்குப் பிடித்தன. ஒவ்வொரு கையின் நுனியிலும் நின்று எதிர்க்கரையைப் பார்த்தார். ‘இப்பப் பார்த்த போட் கிளப்தானே அது? நாம் அதை விட்டு வந்து எவ்வளவு நேரமாச்சு, இன்னும் பக்கத்துலேயே இருக்கே’ என்றார். அந்த ரோட்டில் நான் நூறு முறையாவது போயிருப்பேன், ஒரே கட்டடம் வெவ்வேறு திசையிலிருந்து திரும்பத் திரும்ப எட்டிப் பார்ப்பதைக் கவனித்ததே இல்லை. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் அது கண்ணில் படாது. பிரையண்ட் பூங்கா பக்கம் குதிரைச் சாணியில் சக்கரம் வழுக்கியது, அவர் காலை ஊன்றிச் சமாளித்தார். முழுச் சுற்றுக்கு ஐம்பது நிமிடம் ஆனது. இறங்கி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, ‘இன்னொன்னு போலாமா?’ என்றார்.

அதனால் திருத்திக்கொள்கிறேன். பன்னிரண்டு சுற்று வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. ஆனால் ஒரு சுற்று, ஆறு மணிக்கு, மெதுவாக, யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். முதல் நாளே போங்கள், உயரத்துக்கு மூச்சும் பழகும். இடமா வலமா என்பதில் ரோட்டு விதிப்படி நான் சொன்னதுதான் பத்திரம். காலை ஆறு மணிக்கு வண்டியே இல்லாதபோது அப்பா சொன்னதில் தவறில்லை. சீசனில் போலீஸ் ஒருவழியாக மாற்றியிருந்தால் அவர்கள் சொல்வதுதான்.

மார்ச் 29

கேள்வி கேட்ட தம்பி போய்வந்துவிட்டார். 32 பல் கேசட் மாற்றியிருக்கிறார். மன்னவனூர் திரும்பும் ஏற்றத்தில் இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளியிருக்கிறார், அதனால் ஒன்றுமில்லை. நான் சொல்லியும் மதியச் சாப்பாட்டைப் பூம்பாறைக்குத் தள்ளிப்போட்டிருக்கிறார். காட்ரோட்டு ஏற்றத்தை அடுத்த முறைக்கு வைத்திருக்கிறாராம். ஜூனுக்குள் என்றால் நானும் வருகிறேன், அக்டோபருக்குத் தள்ளினால் வடகிழக்கு மழையில் மண் சரியும். பெருமாள்மலையில் டீ என் கணக்கு. ஏரிச் சுற்று எத்தனை போனார் என்று எழுதவில்லை. எழுதுங்கள், அப்பா கேட்கிறார்.